ஆத்துக்குப் போதல்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நகரத்தில் பிழைப்பவர்கள், காவிரிக் கரையில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு வருடத்தில் மூன்று நான்கு முறை போய் வருகின்றனர். "என்ன சார், ஊர்ல விசேஷமா?" என்று அலுவலகத்தில் கேட்டால், "விசேஷம் ஒண்ணுமில்லை. ஆறு, தோப்பு, காத்து... கொஞ்சம் இயற்கையா இருக்கும்" என்று பதில் வருகிறது. இந்தப் பதில் மெய்தானா என்று இதுகாறும் எவரும் சோதித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

"பெற்றோர் வீட்டுக்குச் செல்பவர் இயற்கையை நுகரவே செல்கிறார்" என்பது இவ்வாய்வின் கருதுகோள். அது கடைசியில் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது ஆய்வு நெறி ஆகாது.

முன்னோடிகள்

காவிரியைப் பற்றிச் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து 1971இல் 'நடந்தாய் வாழி, காவேரி' என்ற பயணநூலைத் தந்துள்ளனர். ஸ்ரீரங்கத்து வீதிகளையும் திண்ணைகளையும் சுஜாதா எழுதித் தீர்த்துவிட்டார். முன்னவர்கள் காவிரியின் போக்கிலேயே நெடுந்தூரம் பயணம் செய்தவர்கள். இவ்வாய்வாளரோ கட்டிலிலிருந்து திண்ணைவரை சென்றவர். எனினும் களம் சிறிதாயின் ஆழம் கூடும் என்பது ஆய்வுலகம் ஒப்பிய நம்பிக்கை.

களமும் தகவலாளிகளும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஓடி, கல்லணை அருகே ஒன்றையொன்று எட்டிப் பார்த்துவிட்டு, சேராமல் விலகிப் போகின்றன. இந்தத் தீவின் மேற்கே, வாழையும் தென்னையுமான மேலூர்ப் பக்கத்தில் உள்ள ஓர் ஓட்டு வீடே ஆய்வுக் களம். காவிரிப் படித்துறை கூப்பிடு தூரம்.

முதல் தகவலாளி அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் தகவலாளி அம்மா. கேட்காமலே நெறிப்படுத்தும் இயல்பினர் ஆதலால் இவரே ஆய்வு நெறியாளரும் ஆவார். துணை ஆய்வாளர், ஆய்வாளரின் மனைவி, மதுரைக்காரர். ஏழு வயது மகள் இளநிலை ஆய்வாளர்.

சொல்லாய்வு

களத்தில் இறங்கியதும் ஆய்வாளரைத் தடுக்கி விழச் செய்வது 'ஆத்துல' என்னும் சொல். 'அகம்' என்பது எங்கள் வீட்டுப் பேச்சில் 'ஆம்' ஆகும். 'அகத்தில்' என்பது 'ஆத்துல' ஆகும். 'ஆற்றில்' என்பதும் பேச்சில் றகரம் தேய்ந்து 'ஆத்துல' ஆகும். வீடும் ஆறும் ஐம்பது மைல் தள்ளி இருக்கும் ஊரில் இதனால் கேடில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் நிலைமை வேறு. சான்றுகள் வருமாறு.

சான்று ஒன்று. சென்னையிலிருந்து ஆய்வாளர் போன் செய்து அப்பாவைக் கேட்கிறார். அம்மாவின் பதில்: "அப்பா ஆத்துல இல்லைடா. ஆத்துல இருக்கார்." தருக்க நூலார் இதை முரண் என்பர். ஸ்ரீரங்கத்தில் இது முகவரி.

சான்று இரண்டு. "மூக்குக் கண்ணாடியை ஆத்துல விட்டுட்டேன்" என்று அப்பா சொன்னார். ஒரு பொருளில், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். மறு பொருளில், கடைக்குப் போய்ப் புதிது வாங்க வேண்டும். துணை ஆய்வாளர் மறு பொருள் கொண்டு, ஃபிரேமின் விலையைக்கூட விசாரித்துவிட்டார். கண்ணாடி பூஜை அலமாரியில் இருந்தது.

சான்று மூன்று. 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழியை நெறியாளர் ஆற்றுக்கு மட்டுமே பொருத்துகிறார். ஆத்தில், அதாவது இலையில், அவர் அளந்து போட்டதை இதுவரை யாரும் கண்டதில்லை.

துணை ஆய்வாளரின் தடுமாற்றத்துக்கு வட்டார வேறுபாடும் காரணம். மதுரையில் ஆற்றில் இறங்குபவர் அழகர். அதுவும் சித்திரையில் ஒருமுறை. மாமனார் தினமும் இறங்குகிறார் என்பதை ஏற்க அவருக்கு ஓராண்டு பிடித்தது.

திணை வகுப்பு

வயலும் ஆறும் சார்ந்த நிலம் மருதம் என்பர். தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி மூன்றும் இக்களத்தில் பிசகின்றிப் பொருந்துவது வியப்பே.

முதற்பொருளில் சிறுபொழுதை எடுத்துக்கொள்வோம். மருதத்துக்கு உரியவை வைகறையும் விடியலும். இலக்கண நூல்களை மதித்தோ மதிக்காமலோ, சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், ஸ்ரீரங்கத்தில் வைகறையிலேயே இறக்கிவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது ரயிலின் சத்தம் மாறும். தரைச் சத்தம் போய் வெற்றிடத்தின் சத்தம் வரும். எங்களூர்க்காரர்களுக்கு அலாரம் தேவையில்லை. எத்தனை ஆழ்ந்த உறக்கத்திலும் அந்தச் சத்தத்தில் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

அடுத்தது கருப்பொருள். மருதத்தின் விலங்குகளில் நீர்நாயும் ஒன்று. "அக்கரையில ரெண்டு நீர்நாய் பார்த்தேன்" என்று அப்பா சாதிக்கிறார். "அது ராமசாமி தோப்பு நாய்தான்" என்கிறார் அம்மா. கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பறவைகளில் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் கண்ணில் பட்டன. எண்ணிக்கையில் மேலோங்கி நிற்கும் உயிரினமாகிய கொசுவை இலக்கணம் எக்காரணத்தாலோ பட்டியலில் சேர்க்கவில்லை.

பட்டாம்பூச்சிக்கு வருவோம். மேலூரில் வனத்துறை சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைத்து 2015இல் திறந்தது. வெளியூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். நெறியாளர் ஒருமுறையும் போனதில்லை. அழகிகள் எனப்படும் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்குக் கறிவேப்பிலை உயிர். ஆகவே அவையே கொல்லைக்கு வந்துவிடுகின்றன. "பாக்க நன்னாத்தான் இருக்கு. என் கறிவேப்பிலையை மொட்டை அடிச்சுட்டுன்னா போறது!" என்பது அவருடைய மதிப்பீடு. இயற்கையை ரசிப்பவருக்கும் இயற்கையோடு குடித்தனம் நடத்துபவருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரியைவிடத் துல்லியமாக வரையறுக்க இயலாது.

வாழையைத் தனியே கூற வேண்டும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில்தான் 1993முதல் இயங்குகிறது. வீட்டளவிலான ஆய்வு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மகன் வந்த நாளின் தளிகையில் வாழைப்பூ உசிலி, வாழைத்தண்டு மோர்க்கூட்டு, வாழைக்காய் வறுவல், சாத்துமது, திருக்கண்ணமுது, முடிவில் பூவன் பழம் என்று வரும். எல்லாம் வாழை இலையில். ஒரே தாவரத்தின் நான்கு உறுப்புகளை ஐந்தாவதன்மேல் இட்டு ஒரே வேளையில் உட்கொள்வதை இயற்கை நுகர்வு என்னாது வேறென்னென்பது? இதன் விளைவாகப் பிற்பகல் முழுவதும் ஆய்வாளர் செயலிழக்கிறார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே தெற்கு நோக்கிப் பள்ளிகொண்ட பெருமாளின் ஊரில், உண்டபின் படுத்திருப்பதைச் சோம்பல் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அகப்பாடல்களில், பரத்தையிடம் போய்விட்டு வரும் தலைவன்மேல் தலைவி ஊடுவாள். இங்கே, ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் ஓட்டலில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வந்த மகன்மேல் அம்மா ஊடுகிறார். "வெளியிலயே முடிச்சுண்டு வந்தாச்சே, இங்க எதுக்கு?" என்று காபி ஃபில்டர் கவிழ்த்து வைக்கப்படுகிறது. மரபுப்படி தலைவன் பாணனையோ விறலியையோ வாயிலாக அனுப்ப வேண்டும். ஆய்வாளர் இளநிலை ஆய்வாளரை அனுப்பினார். "பாட்டி, அப்பா குடிச்ச காபி நன்னாவே இல்லையாம்" என்று அந்த வாயில் திறமாகப் பேசியதில் ஊடல் தணிந்தது. அவ்வாறு ஆய்வாளர் சொல்லவில்லை என்பது ஆய்வுக்குப் புறம்பான செய்தி.

களச் சோதனை

இனி, கருதுகோளை நேரே சோதிக்கலாம். மூன்று நாள் தங்கலில், ஆற்றையும் மரத்தையும் வானத்தையும் ஆய்வாளர் உண்மையிலேயே பார்த்த நேரம் கைக்கடிகாரத்தின் துணையோடு குறித்துக்கொள்ளப்பட்டது. மொத்தம் நாற்பது நிமிடம். அதிலும் பத்து நிமிடம் கொசுவுக்குப் போயிற்று.

மிச்ச நேரம் எங்கே சென்றது? கூடத்து மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றுதல். அப்பாவின் போனில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களை அழித்தல். பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்குதல். அது அந்தப் பானை இல்லை என்று அறிந்து திரும்ப ஏற்றுதல். நவம்பர் மாதமாதலால் அப்பாவின் பென்ஷனுக்கான லைஃப் சர்ட்டிஃபிகேட்டைப் போன் வழியே அனுப்புதல். மனிதர் உயிரோடிருப்பதை அரசாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. கேமராவுக்கு முன்னால் அப்பா கண்ணை இமைக்க வேண்டும். அவர் இமைக்காமல் முறைத்ததில் இரண்டு முறை உயிரற்றவர் பட்டியலுக்கு அருகே போய் மீண்டார்.

நாற்பது நிமிட இயற்கைக்கு இரண்டு ராத்திரி ரயில் பயணம் என்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. கருதுகோள் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

படிக்கணக்கு

அப்பா தினமும் விடியலில் படித்துறைக்குப் போய், எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்து வருகிறார். மேட்டூரில் அடிக்கணக்கு, எங்கள் கரையில் படிக்கணக்கு. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். வழக்கம் எப்போதும் நடப்பதில்லை: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆயிற்று. திறந்த தண்ணீர் முக்கொம்பு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கு முந்தைய ராத்திரி அப்பா சரியாகத் தூங்குவதில்லை. தண்ணீர் வந்ததும் போன் வரும்: "ஆத்துல தண்ணி வந்துடுத்து. மூணு படி." மறுநாள், "நாலு படி." ஆடியில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுப்பார், அன்று படி எண்ணுவதை அப்பா பெருமாளிடம் விட்டுவிடுவார்.

இவ்வறிக்கை நீரைப் பற்றியது என்றே ஆய்வாளர் பல்லாண்டுகள் கருதியிருந்தார். அப்படியானால் நீரற்ற நாட்களில் அறிக்கை நின்றுபோயிருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் மணலும், மணலில் பையன்களின் கிரிக்கெட்டும் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் போன் வருகிறது. "இன்னிக்கும் இல்லைடா. மணல்தான்." மறுநாளும் அதே செய்தி. மணல் ஒரே இரவில் மாறக்கூடிய பொருள் அன்று. ஆகவே இவ்வறிக்கை தண்ணீரைப் பற்றியது அன்று என்பது பெறப்படுகிறது.

பின் எதைப் பற்றியது? விடை 2018இல் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. 22ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் போனை எடுத்து ஒரே மூச்சில் கேட்டார்: "அப்பா, ஆத்துல ஒண்ணுமில்லையே?"

மறுமுனையில் அப்பா நிதானமாகச் சொன்னார்: "ஆத்துல ஏகப்பட்ட தண்ணிடா. ஆத்துல ஒண்ணுமில்லை. நீ தூங்கு."

சொல்லாய்வுப் பகுதியில் கண்ட விதிப்படி, முதல் 'ஆத்துல' ஆற்றைக் குறிக்கும். இரண்டாவது வீட்டைக் குறிக்கும். கேட்கப்பட்டது ஒரு கேள்வி. தரப்பட்டவை இரண்டு விடைகள். தான் கேட்டது எந்த 'ஆத்துல' என்று ஆய்வாளருக்கே அந்த இரவில் தெரியவில்லை என்பதையும், அப்பா அதைத் தெரிந்துகொண்டு இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொன்னார் என்பதையும் இங்கே பதிவு செய்வது கடமை.

முடிவுகள்

ஒன்று: கருதுகோள் தோற்றது. பெற்றோர் வீட்டுக்குச் செல்பவர் இயற்கையை நுகரச் செல்வதில்லை. அலுவலகத்தில் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருப்பதால் ஆற்றைச் சொல்கிறார்.

இரண்டு: அரசாங்கம் கேட்பது ஆண்டுச் சான்று. 'மூணு படி', 'நாலு படி', 'மணல்தான்' என்று தினமும் காலையில் வருவதோ தினப்படிச் சான்று. எழுந்தேன், படித்துறைவரை நடந்தேன், குனிந்து எண்ணினேன், திரும்பி வந்தேன் என்பது அதன் உட்பொருள். இதற்குக் கண்ணை இமைக்க வேண்டியதில்லை.

மூன்று: 'ஆத்துல' என்பது இருபொருள் ஒருசொல் என்று மேலே கூறியது பிழை. திருத்திக்கொள்ளப்படுகிறது. அது ஒருபொருள் ஒருசொல்லே.

பரிந்துரை

இம்முடிவுகளை நெறியாளரிடம் படித்துக் காட்டியபோது அவர், "அதெல்லாம் சரி, டிக்கெட் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும்போது ஊரில் இருக்க வேண்டுமானால், ஏப்ரல் நடுவிலேயே, ஆற்றில் மணல் மட்டும் தெரியும்போதே, டிக்கெட் போட்டுவிட வேண்டும்.