எனக்குப் போட்டுவிடாதீர்கள்

ஒத்துவராத ஊரில் ஓட்டுக் கேட்கும் கலையை மலேசியாவின் தேசிய முன்னணியிடம்தான் கற்க வேண்டும். 2018இல் கைநழுவிய கோலசிலாங்கூர் தொகுதியை மீட்க, 2022இல் நிதியமைச்சர் தெங்கு சஃப்ருலையே இறக்கினார்கள். செம்பனைத் தோட்டத்து லயத்து வாசலுக்கு நாட்டின் கஜானாவே வருகிறதென்றால் சும்மாவா! தேர்தல் வந்தால் தோட்டப்புறத்துக்குத் தனிக்களைதான்: எந்தக் கட்சிக்காரருக்கும் கை தானாகக் குவியும், வாயில் ‘வணக்கம்’ சுத்தமாக வரும்.

நன்றிகெட்ட ஜனங்கள்! 1,002 ஓட்டில் அவரைக் கவிழ்த்து, நம்பிக்கைக் கூட்டணியின் சுல்கிப்ளி அகமட்டை ஜெயிக்க வைத்தார்கள்.

தோற்றவர் மறுமாதமே செனட்டராகி, வாணிப அமைச்சரானார், அதுவும் ஜெயித்தவரின் கூட்டணி அரசில். ஜெயித்த சுல்கிப்ளிக்கு அமைச்சர் நாற்காலி 2023 டிசம்பரில்தான் கிடைத்தது.

அடுத்த முறை விவரமான வேட்பாளர் லயம் லயமாகப் போய்க் கெஞ்சுவார்: “அம்மா, தாயே, எனக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்!”