லட்ச ரூவாய்க்கு ஒரு நடுநிலைமை

வாடே மருமவனே, உக்காரு. லட்சத்துக்கு மேல குடுத்து ஹெட்போன் வாங்கியிருக்கியாம்லா? நல்ல காரியம். ஒங்கம்மா கிரைண்டர் மாத்தணும்னு கேட்டப்ப மட்டும் மாசக்கடைசின்னு சொன்னியாம். அத நான் கேக்கல. கேட்டிருந்தாலும் வெளிய சொல்லமாட்டேன்.

இது ‘நியூட்ரல்’ ஹெட்போனுங்கே. பாட்டுல ஒரு சொட்டு சாயம் சேக்காதுங்கே. காலம் பூரா மைக்செட்டு போட்டவன்கிட்ட வந்து சாயத்தப் பத்திப் பேசுத பாரு! வேப்பமரத்து உச்சியில கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல பேஸ் ஏது? தவுலு தகர டப்பாவாத் தட்டும், நாயனம் மட்டும் மூணு ஊருக்குக் கேக்கும். அதவிடப் பெரிய சாயம் ஒலகத்துல கெடையாது. ஆனா கோயில் கொடைக்கு வந்த ஒருத்தனும் ‘அண்ணாச்சி, மிட்ரேஞ்சு தூக்கலா இருக்கே’ன்னு கேட்டதில்ல. பாட்டு முடிஞ்சதும் அடுத்த பாட்டத்தான் கேட்டான்.

சரி, சாயமே வேண்டாம்னா ஒரு வழி சொல்லுதேன். செவிப்பறைகிட்ட அளந்தா கீழ்ச்சுதியிலேருந்து மேல்சுதி வரைக்கும் ஒரே மட்டமா இருக்கணும்னு சொல்லி ஒரு ஹெட்போன் செய்யச் சொல்லு. மாட்டிப் பாரு, போர்வைக்குள்ள கெடந்து பாடுத மாதிரி இருக்கும். ஆண்டவன் குடுத்த காதே நியூட்ரல் இல்லடே! வெளிய இருக்க மடலும், உள்ள ரெண்டரை சென்டிமீட்டருக்குப் போற தொளையும் சேந்து, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தத்த 10 டெசிபலுக்கு மேல தூக்கி விட்டிரும். ஒங்கம்மா பாடுன தாலாட்டையே நீ அந்தத் தூக்கலோடதான் கேட்டே. அதனால ஹெட்போன் செய்யுதவன் அந்த மேட்டக் கணக்குல வச்சுத்தான் செய்யணும். யார் காதுக் கணக்கு? ஒனக்கு மடல் மொறம் மாதிரி, எனக்கு ஒட்டிக் கெடக்கு.

இந்தக் கணக்கப் போடத்தான் அமெரிக்காவுல ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ், டாட் வெல்டின்னு ரெண்டு பேரு மெனக்கெட்டாங்க. நல்ல அறையில நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேக்குமோ அத அடிப்படையா வச்சுக்கிட்டு, ஆளுகளக் கூப்பிட்டு உக்கார வச்சு, ‘பேஸையும் டிரெபிளையும் ஒங்க இஷ்டத்துக்குத் திருகுங்க’ன்னு விட்டாங்க. அதுலேருந்து வந்த கோட்டத்தான் இன்னைக்கு பாதிப் பேரு நியூட்ரலுங்கான். நாலு பேரு கூடி ‘நல்லாருக்கு’ன்னு சொன்னதுக்கு அப்படி ஒரு பேரு! அதுலயும் நூத்துக்கு 64 பேருக்குத்தான் அது ஒத்துக்கிச்சு. 15 பேரு இன்னும் பேஸ் வேணும்னான், 21 பேரு கொறைக்கச் சொன்னான். கொறைக்கச் சொன்ன கூட்டத்துல அம்பது தாண்டுனவங்க ஜாஸ்தியாம். என்னையத்தான் சொல்லுதானுவ, சொல்லட்டும். நீ எந்தக் கூட்டம்னு எனக்குத் தெரியும். நேத்து ராத்திரி திண்ணையில உக்காந்து போன்ல ஈக்யூவத் தொறந்து பேஸ ஏத்திக்கிட்டு இருந்தியே. நான் தூங்குத மாதிரிதான் கெடந்தேன்.

‘ஸ்டுடியோவுல கேட்ட மாதிரியே கேக்கணும் மாமா’ன்னு ஒரு வசனம் வச்சிருக்கே. 1978-ல யமஹாக்காரன் என்.எஸ்.10னு வெள்ளைக் கூம்பு வச்ச சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு போட்டான். பேஸ் கம்மி, நடுச்சுதி காதக் குத்தும். ஒலகத்துல பாதி ஸ்டுடியோவுல அத மேசை மேல வச்சுத்தான் பாட்டக் கலந்தான். அப்ப நீ எதைய்யா அப்படியே கேக்கப்போறே, அந்தக் குத்தலையா?

ஒசந்த சாதி ஹெட்போன்லயும் இதே கததான். சென்ஹைசர்காரன் 2009-ல எச்.டி.800 போட்டான். ஜல்லிக்கல்ல எண்ணுத மாதிரி ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கேக்கும். ஆனா 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மொனை. அந்த மொனைய அமுக்க உள்ள ஒரு உறிஞ்சி வச்சு, எச்.டி.800 எஸ்னு மறுபடி விக்க வேண்டியதாப் போச்சு. அதே வீட்டு எச்.டி.650 முக்காடு போட்டுக்கிட்டுப் பாடுதுன்னு ஒரு கூட்டம் ஏசும், அந்த முக்காடுக்காகவே இன்னொரு கூட்டம் வாங்கும். நியூயார்க்குல புரூக்ளின்ல கிராடோன்னு ஒரு குடும்பம். அவங்க ஹெட்போன்ல அடிவயித்து பேஸ் தேடாத, கிட்டார் மட்டும் மூக்குக்கு நேரா வந்து நிக்கும். அவங்களும் நியூட்ரல்னு சத்தியம் பண்ணல, வாங்குதவனும் கேக்கல. எனக்கு அந்தக் குடும்பத்தப் புடிச்சிருக்கு, நம்ம குழாய் ஸ்பீக்கர் சொந்தம்.

வெலையப் பத்தி நான் பேசல. பேசுனா கெழவனுக்குப் பொறாமைம்பே. 2017-ல ப்ரீபார்ட்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு 283 ஹெட்போன அளந்து பாத்து, வெலைக்கும் சுதி மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதி வச்சிருக்காரு. அவர்கிட்டப் போய்ச் சண்ட போடு.

இப்ப காச செலவழிச்சிட்டே, ரெண்டு ரோசன கேட்டுக்கோ. மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழத்திட்டுக் கேளு. கண்ணாடிக் காம்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சந்து விழுது, அது வழியா பேஸ் ஒழுகுது. நீ பாவம் அதுக்குப் போயி ஆம்ப் மாத்தணும்ங்கே. அடுத்தது, ராத்திரி சத்தத்தக் கொறச்சு வச்சிக்கிட்டு பேஸ் இல்லன்னு பொலம்பாத. மெல்ல வச்சா மனுசக் காதுக்கு பேஸ்தான் மொதல்ல மங்கும்னு பிளெட்சரும் மன்சனும் 1933-லயே சொல்லிட்டாங்க. ஈக்யூவ ஏத்தணும்னா ஏத்து, என்னையப் பாத்ததும் போன மடியில மறைக்காண்டாம்.

அந்த அட்டப்பெட்டிய மட்டும் கிழிச்சிராதடே. ஆறு மாசத்துல அடுத்த மாடல் வரும். பெட்டியோட இருந்தாத்தான் வெல கேப்பான்.