வாசல் மாறிய மடல்

"உங்கள் மின்னஞ்சல் புதிய சர்வருக்கு மாறுகிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று சேவை நிறுவனத்திடமிருந்து மடல் வந்தது. கடைசியாக வந்த மடலும் அதுதான்.

மறுநாள், மடல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்ட் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். மறுபடி கேட்டது. கதவைத் திறக்காமலே "யாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் மாதிரி.

உதவி எண்ணில் பேசிய தம்பி பொறுமைசாலி. "சார், மெயில் உள்ள வர ஐமேப், போர்ட் 993. வெளிய போக எஸ்எம்டிபி, 465. இல்லேன்னா 587."

வர ஒரு வாசல், போக ஒரு வாசல். கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

சர்வர் பெயரை மாற்றி 993 போட்டதும் மடல்கள் வந்து குவிந்தன. பாதி, கடன் வேண்டுமா என்பவை. பதில் எழுதினால் மட்டும் நகரவில்லை. அனுப்பும் சர்வருக்கான இடம் செட்டிங்ஸ் பட்டியலின் அடியில் ஒளிந்திருந்தது. அங்கே இன்னும் பழைய சர்வரின் பெயர்! வீடு மாறியும் பழைய வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: "எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று மடல் வந்தால், மறுநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெயிலில் அல்ல, காகிதத்தில்.