குதிரைத்திறனும் கவுரவமும்

ஷோரூமில் நிற்கும்வரை எல்லா டிராக்டரும் நன்றாகத்தான் உழும். ஆறடி இடைவெளியில் வாழை நட்டவர், தானே ஏறக்குறைய ஆறடி அகலமிருக்கும் 50 குதிரைத்திறன் வண்டியை வாங்கும் முடிவில் எதிர்வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது எஞ்சின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேரும் திறன். அது எப்போதும் குறைவு. கையேட்டின் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும். "பெரிய வண்டின்னா வாடகைக்கு ஓட்டலாமே" என்பார்கள். ஊரில் பலரும் அதே கணக்கில் வாங்கி, ஒருவருக்கொருவர் வாடகைக்கு விடக் காத்திருக்கிறார்கள்.

டீலர் தேர்வு இன்னும் வேடிக்கை. நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இருபதாயிரம் குறைக்கிறார் என்றால் ஓடுகிறோம். மாலை, பூசணிக்காய், போட்டோ எல்லாம் தாராளம். ஹைட்ராலிக் பம்புக்கு ஓர் ஓ-ரிங் கேட்டால் மட்டும் "கம்பெனியிலிருந்து வரணும் சார்". மண்ணின் ஈரம் அதுவரை காத்திருக்காது. பக்கத்து டீலர் விலையில் கறார்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உழவுக்கு நாலு நாள் பிந்தினால் அந்தத் தள்ளுபடி கரைந்துவிடும். ஆகவே ஏசி அறையில் உட்காராமல் நேரே கொல்லைப்புறம் போய், கையில் கிரீஸ் படிந்த மெக்கானிக் ஒருவராவது இருக்கிறாரா, ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் அலமாரியில் உண்டா என்று பார்க்கலாம். அந்தப் பக்கம் அழைத்துப்போக விற்பனையாளர் தயங்கினால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.