ஏழுமலையான் எழுதிக்கொடுத்த புரோநோட்டு

திருப்பதி உண்டியலில் காசு போடுகிறவர் யாரும், தான் இன்னொருவர் கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டுவதாக நினைப்பதில்லை. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் கதை அப்படித்தான். ஏழுமலையானுக்கு நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை கையில் காலணா இல்லை. மனைவி நகையை வைத்துச் சமாளிக்கலாமென்றால், லட்சுமியே கோபித்துக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லாமல்தான் குபேரன். 1 கோடியே 14 லட்சம் பொன். சாட்சிக் கையெழுத்து பிரம்மாவும் சிவனும். கலியுகம் முடியும்வரை வட்டி, அசல் அப்புறம்.

வந்த பணத்தை மரக்காலால் அளந்து அளந்து கை ஓய்ந்துபோன அண்ணன் கோவிந்தராஜர், அந்த மரக்காலையே தலைக்கு வைத்துக் கீழ்த்திருப்பதியில் படுத்தார். இன்னும் எழுந்தபாடில்லை. சினிமாவில் புரொடக்ஷன் மேனேஜராக இருந்தவர்களுக்கு அந்தக் களைப்பு புரியும்.

சொந்தப் படம் எடுக்கக் கிளம்பிய எவரைக் கேட்டாலும் இந்த புரோநோட்டின் நகல் ஒன்று வைத்திருப்பார். ஒரே வித்தியாசம், அவருக்கு உண்டியல் கிடையாது.

முதல் நகல் தாதாசாகேப் பால்கேயுடையது. இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து 1912இல் லண்டன் போனார், வில்லியம்சன் கேமராவோடு திரும்பினார். கேமரா வந்துவிட்டது, படம் எடுக்கப் பணம்? பணக்காரர்களுக்குச் சாம்பிள் காட்ட வேண்டும். ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார். திரையில் ஒரு நிமிடச் சொச்சத்தில் விதை முளைத்துச் செடியாகிவிட்டது. சம்பளம் கேட்காமல், கால்ஷீட் சொதப்பாமல், டைரக்டருக்குக் கதை சொல்லாமல் நடித்துக்கொடுத்த ஒரே இந்திய நட்சத்திரம் அந்தப் பட்டாணிதான்.

பட்டாணியைப் பார்த்துப் பணம் வந்தது. போதவில்லை. மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் போயின. அந்த அம்மாள் நகையைக் கொடுத்ததோடு விட்டாளா? யூனிட் முழுவதற்கும் சமைத்தாள், இருட்டறையில் உட்கார்ந்து பிலிமுக்கு ஓட்டை போட்டாள். ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியாக நடிக்கப் பெண் கிடைக்காமல் ஓட்டல் சமையல்காரர் சாளுங்கேவைப் பிடித்தார்கள். ஓட்டலில் 10 ரூபாய், இங்கே 15. 1913 மே 3ஆம் தேதி 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. கடனுக்காக மனைவியை விற்றவன் கதையை, மனைவியின் நகையை விற்று எடுத்த படம். அந்த மனைவியின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தவர் எங்கள் ஜில்லாக்காரர். வேலூர் நடராஜ முதலியார். வேலூர் எப்படி உங்கள் ஜில்லா என்று கேட்பீர்கள். அவர் பிறந்த 1885இல் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். 1911இல் வெள்ளைக்காரன் கோடு போட்டுப் பிரித்தான், அதற்கு முதலியார் என்ன செய்வார்? சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்தவருக்கு சினிமா ஆசை பிடித்தது. தஞ்சாவூர் மூப்பனார் ஒருவரிடமிருந்து கேமராவையும் பிரின்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். 35 நாள், 35,000 ரூபாய் செலவு, 50,000 வசூல் என்பார்கள். லேப் பெங்களூரில். அந்த ரயில் பாதை எங்கள் குப்பம் வழியாகத்தான் போகிறது. ஆக, தென்னாட்டு சினிமா பெட்டிக்குள் சுருண்டு படுத்தபடி எங்கள் ஜில்லாவைக் கடந்துதான் வெளிச்சத்துக்கு வந்தது. இறங்கி ஒரு காபி சாப்பிட்டிருக்கலாம்.

மூன்றாவது ஆள் பெயரிலேயே ஊரைச் சுமந்தவர், சித்தூர் நாகையா. எங்கள் ஊர் ராமவிலாச சபாவில் நாடகம் போட்டு வளர்ந்தவர். நடித்து நடித்து லட்சம் சம்பளம் வரை போனார். அந்தப் பணத்தோடு சும்மா இருந்திருக்கலாம். சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1946இல் 'தியாகய்யா'வைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தார். நிதி சால சுகமா, பணம்தான் பெரிய சுகமா என்று பாடியவராக நடித்தவர் அந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவருக்கெல்லாம் சாப்பாடு, கேட்டவருக்கெல்லாம் பணம். 1965இல் பத்மஸ்ரீ வந்தது, பணம் திரும்பி வரவில்லை. 1973இல் வறுமையில் போனார். உண்டியலைத் தலைகீழாக மாட்டி வைத்தவர் அவர்.

இதற்குள் சின்ன பிலிம் வந்துவிட்டது. 1923இல் 16 எம்.எம்., 1932இல் 8 எம்.எம்., 1965இல் சூப்பர் 8. இனி ஏழையும் படம் எடுக்கலாம் என்றார்கள். பிலிமின் அகலம்தான் குறைந்தது, வட்டியின் அகலம் அப்படியே இருந்தது.

கல்கத்தாவில் சத்யஜித் ராய் இரவல் 16 எம்.எம். கேமராவில்தான் வெள்ளோட்டம் பார்த்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21, மூவி கேமராவை அதுவரை இயக்கியதே இல்லை. பாட்டு இல்லாத படமா என்று முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். மறுபடி இன்ஷூரன்ஸ் பாலிசி, மறுபடி மனைவி பிஜயாவின் நகை, கூடுதலாக இசைத்தட்டுகள். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. 'பாதேர் பாஞ்சாலி' என்றால் பாதையின் பாட்டு. அதிகாரிகள் பாட்டை விட்டுவிட்டுப் பாதையைப் பிடித்துக்கொண்டார்கள், சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள். 1955இல் படம் வந்தது. அந்த ரோடு மட்டும் இன்னும் குண்டும் குழியும் இல்லாமல் இருக்கிறது.

உண்டியலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர் ஜான் ஆபிரகாம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சில்லறை வாங்கி, 1986இல் படத்தை முடித்தார். பெயர் 'அம்ம அறியான்'. அம்மா அறிவதற்காக என்று அர்த்தம்.

என் அம்மாவும் அறிந்தாள். அதே 1986. குவைத்திலிருந்து வந்த மாமா ஒரு சூப்பர் 8 கேமராவைக் கொண்டுவந்து போட்டிருந்தார். ஒரு கார்ட்ரிட்ஜ் 50 அடி. விநாடிக்கு 18 பிரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடி. பிலிமுக்கும் கழுவுகிற கூலிக்கும் காசு வேண்டும். அம்மாவின் வளையல் ஒன்றோடு சித்தூர் பஜாரில் அடகுக் கடை ஏறினேன். சேட்டு உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார், திராவகம் ஒரு சொட்டு விட்டார், தராசில் வைத்தார்.

“எதுக்கு தம்பி?”

“படம் எடுக்க.”

“எவ்ளோ நேரம் ஓடும்?”

“மூணு நிமிஷம் இருபது செகண்டு.”

முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ரெண்டு வளையலா கொண்டாந்திருந்தா ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு ஆயிருக்குமே.”

நான் பார்த்தவரையில் கணக்குத் தெரிந்த பைனான்சியர் அவர் ஒருவர்தான்.

மாங்காய்த் தோப்பில் கயிற்றுக்கட்டிலில் தூங்கும் காவல்கார தாத்தா, உத்தரவில்லாமல் நுழையும் ஒரு ஆடு. அவ்வளவுதான் கதை. ஆடு அருமையாக நடித்தது. தாத்தா கேமரா சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டார். கழுவி வந்தபோது கடைசிப் பகுதி வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது, கலைப்படம் என்று சொல்லிக்கொண்டோம். வளையல் ஒரு வருஷத்தில் மூழ்கிப்போனது.

அப்பாவின் வேட்டியைச் சுவரில் கட்டிப் படம் போட்டோம். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று நிமிடமும் கண் இமைக்கவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. விளக்கைப் போட்டதும் கேட்டாள்:

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல என் வளையல் எங்கடா?”