நாற்பத்தெட்டாயிரம் கோடி வேலி

ஐபிஎல்லில் ஒரு பந்து என்ன விலை தெரியுமா? 2023 முதல் 2027 வரைக்குமான ஒளிபரப்பு உரிமையைக் கிரிக்கெட் வாரியம் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டது. கணக்குப் போட்டால் ஓர் ஆட்டம் 118 கோடி. ஒரு பந்து ஏறக்குறைய 49 லட்சம். மட்டையில் படாமல் கீப்பர் கைக்குப் போகிற பந்துக்கும் அதே விலைதான். இத்தனை கொட்டி வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? நாடு நாடாக வேலி போட்டுப் பட்டா வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவுக்கு ஒரு முதலாளி, பிரிட்டனுக்கு வேறொருவர், அமெரிக்காவுக்கு இன்னொருவர்.

துபாயில் கம்பி கட்டப் போன நம்ம பரமக்குடிக்காரருக்கு விசா கிடைத்தது. ஊரில் அவர் கட்டிய சந்தாவுக்குக் கிடைக்கவில்லை. போனில் கிரிக்கெட் ஆப்பைத் திறந்தால், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்று கைவிரிக்கிறது. மகேந்திர சிங் தோனியைத் தமிழ் வர்ணனையோடு பார்க்க ஆசைப்பட்ட குற்றத்துக்காக, கட்டிய காசும் போய், பார்க்கும் உரிமையும் போய் நிற்கிறார். அறைத்தோழர் சொல்லும் பரிகாரம் ஒன்றே: "விபிஎன் போடுண்ணே."

அதாவது, துபாய்க்காரர் இந்தியாவில் இருப்பதுபோல் வேஷம் கட்டுவது. அந்த வேஷத்துக்கு விளம்பரக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் அபாரம்: "பாதுகாப்பாகப் பாருங்கள்!" யாரிடமிருந்து பாதுகாப்பு? நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இதுவரை போன் கம்பெனிக்குத் தெரிந்தது. இனி விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். காவல்காரன் மாறினான், அவ்வளவுதான்.

நம் அரசாங்கமும் பாதுகாப்பில் சளைத்ததில்லை. விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக வாங்கினார் என்பது உட்பட அத்தனையையும் ஐந்தாண்டு சேர்த்து வைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. பெரிய கம்பெனிகள் சில, சர்வர்களைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டே கிளம்பின. இப்போது அவற்றில் ஒன்று விற்கும் "இந்திய" சர்வர் உட்கார்ந்திருப்பது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். இந்தியன் இந்திய ஆட்டத்தைப் பார்க்க, சிங்கப்பூரில் இருக்கும் பொய் இந்தியா வழியாக வர வேண்டும். தேசப் பாதுகாப்பு இதைவிடச் சிறப்பாக எப்படி நடக்கும்?

கம்பி கட்டுகிறவருக்கு மாதச் சந்தா கட்டுப்படியாகாது. இலவசம் என்று கண்டதை இறக்குவார். இலவசமாகக் கொடுத்த புண்ணியவான்களின் லட்சணம் 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை கையில் சிக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பாலடின்விபிஎன், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன், ப்ராக்ஸிகேட். பெயரைப் பாருங்கள், முகமூடியும் கேடயமுமாக! இவற்றை நிறுவியவர்களின் கணினிகளைக் களவாணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1.9 கோடிக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள். எவனோ செய்யும் மோசடிக்கு உங்கள் வீட்டு முகவரி.

இது ஏதோ பெயர் தெரியாத கும்பலின் வேலை என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஒனாவோ ப்ரொடெக்ட் என்ற விபிஎன்னை ஃபேஸ்புக்கே நடத்தியது. தகவலைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, நீங்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று பொறுக்கியது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதைக் கட்டிவிட்டுக் கம்பெனி கௌரவமாகத்தான் இருக்கிறது. பரமக்குடிக்காரர் கதை அப்படியல்ல. அமீரகச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை ஏமாற்றினால் சிறையோ, 5 லட்சம் திர்ஹாம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆட்டம் பார்த்தது குற்றமா என்று வக்கீல் வைத்து வாதாட அவரிடம் என்ன இருக்கிறது, லுங்கியும் போனும் தவிர?

எரிச்சலூட்டுவது இன்னொன்று. 1993 ஹீரோ கோப்பையை ஒளிபரப்பும் உரிமையை வங்கக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றது. தூர்தர்ஷன் முரண்டு பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1995இல் தீர்ப்பு வந்தது: காற்றலைகள் பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல. கிரிக்கெட்காரர்கள் அன்று ஜெயித்தது பொதுமக்கள் பெயரைச் சொல்லி. ஜெயித்ததும் செய்த முதல் காரியம், அந்தப் பொதுமக்களுக்கே வாசலில் ஆள் போட்டு டிக்கெட் கிழித்தது. தூர்தர்ஷனின் ஏகபோகம் போய் ஏலம் எடுத்தவனின் ஏகபோகம் வந்தது. முன்னதிலாவது அரசாங்கத்தைத் திட்ட ஓட்டுரிமை இருந்தது.

சந்தா கட்டியவனுக்குக் காட்ட மறுப்பவர்கள், வேலி தாண்டிப் பார்த்தவனைத் திருடன் என்று கூப்பிட அருகதையற்றவர்கள். விற்ற பண்டத்தை வாங்கியவன் போகுமிடமெல்லாம் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதை அவர்கள் செய்கிறவரைக்கும் உங்களிடம் ஒரே வேண்டுகோள்: மேலே சொன்ன ஆறு பெயர்களில் ஒன்று உங்கள் கணினியில் இருந்தால், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தூக்கி எறியுங்கள்.