அட்மின் சார் காட்டுக்குப் போகிறார்

தென்சென்னையில் நூறு வீடுகளுக்கு மேல் இருக்கும் எந்தக் குடியிருப்பிலும் ஓர் அட்மின் சார் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ பெரிய பதவியில் இருந்தவர். ஓய்வு கொடுத்தார்கள், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் அட்மின் சார் முதல் வருடம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து ஒப்பந்தக்காரரை அழவைத்தார். இரண்டாம் வருடம் தண்ணீர் லாரிக்காரரிடம் லிட்டர் கணக்குக் கேட்டார். மூன்றாம் வருடம், காம்பவுண்டுக்குள் நிர்வகிக்க எதுவும் மிச்சமில்லாத நிலையில், அவர் பார்வை இயற்கையின் மேல் விழுந்தது.

இயற்கைக்கு இதுவரை ஒழுங்கான நிர்வாகம் அமையவில்லை என்பது அவருடைய துணிபு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழும் பெற்றுவிட்டது. எங்கிருந்தோ வாத்துகள் பறந்து வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகின்றன. பி பிளாக்கிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருகைப் பதிவு அவருக்குப் பொறுக்கவில்லை. ‘நம்ம ஊர் நடை – 30 நாள் சவால்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினார். யாரையும் கேட்காமல் எல்லாரையும் சேர்த்தார். குழுவை விட்டு வெளியேறியவர்களுக்குப் போன் போட்டு, “என்ன சார், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்று விசாரித்தார். எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

விதிமுறைகள் நாலு பக்கத்துக்குப் பிடிஎஃப்பாக வந்தன. காகம், புறா, மைனாவுக்குத் தலா ஒரு பாயிண்ட். மீன்கொத்திக்கு மூன்று. நன்மங்கலம் பழைய கல்குவாரிப் பக்கம் கொம்பன் ஆந்தையைப் பார்த்தால் இருபத்தைந்து. தாமதமாக வந்தால் இரண்டு பாயிண்ட் பிடித்தம். தொட்டிச் செடி செல்லாது என்ற விதி பிறகு சேர்க்கப்பட்டது. ஒருவர் தன் வீட்டு பால்கனியிலிருந்த குரோட்டன்ஸைப் பதினோரு கோணங்களில் எடுத்து அனுப்பியதன் விளைவு அது.

இந்த யோசனை அவர் தலையில் தானாக முளைத்ததல்ல. கலிபோர்னியாவில் இருக்கும் மகன் சொல்லித் தெரிந்துகொண்டது. 2016இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் யார் ஊரில் அதிக உயிரினம் என்று அருங்காட்சியகக்காரர்கள் போட்டி வைத்தார்கள். ‘சிட்டி நேச்சர் சேலஞ்ச்’ என்று பெயர். இரண்டே வருடத்தில் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அட்மின் சார் சவாலின் முதல் வருடம் அமெரிக்கத் தேதியையே எடுத்துக்கொண்டார்: ஏப்ரல் கடைசி. சான் பிரான்சிஸ்கோவில் அது பூப்பூக்கும் காலம். வேளச்சேரியில் கத்திரி வெயில் வாசல் தெளிக்கும் காலம். அன்றைக்குப் போனவர்கள் மிக அதிகமாகக் கண்டு பதிந்த தாவரம் இளநீர்.

அடுத்த வருடம் மார்கழிக்கு மாற்றினார், புத்திசாலி. போட்டியின் கடைசி நாட்களைப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்போடு இணைத்தார். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிற விஷயம் இது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் முடிந்தது. மொட்டை மாடியில் நின்றும் எண்ணலாம். இந்த ஒரு வசதி மட்டும் அவரைப் புண்படுத்தியது. “மொட்டை மாடியே போதும்னா, ஒருங்கிணைப்பாளர் எதுக்கு சார்?”

காலை 5.45, இரண்டாம் நம்பர் கேட். கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பது பேர், கால் காட்டியவர்கள் ஒன்பது பேர். மண் நிறத்தில், இலை நிறத்தில் உடை அணிய வேண்டும், பளிச்சென்ற வண்ணம் பறவைகளை மிரட்டும் என்பது பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கம். ஒன்பது பேரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் நின்றார்கள். சவாலுக்காக அட்மின் சாரே மொத்த விலைக்கு அச்சடித்துக் கட்டாயமாக விற்றது அது.

இந்த ஒன்பது பேரில் நாலு பேர் அடிக்காரர்கள். கையில் கட்டிய வாட்ச் பத்தாயிரம் அடி காட்டும்வரை இவர்கள் எதற்கும் நிற்கமாட்டார்கள். நீலத் தாழைக்கோழி குறுக்கே வந்தாலும் சுற்றிக்கொண்டு போவார்கள். (பத்தாயிரம் என்ற எண், 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்பதற்காகப் பிடித்த எண். எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததில்லை. இதைச் சொன்னால் நடந்துகொண்டே முறைப்பார்கள்.)

இன்னொரு பக்கம் மூன்றாம் தளத்து மாமி. பாதையோரத்தில் அவர் கண்ணுக்கு எல்லாமே சமையல் சாமான். முடக்கத்தான் தோசைக்கு, தூதுவளை ரசத்துக்கு, பிரண்டை துவையலுக்கு. குப்பைமேனியும் கீழாநெல்லியும் அவசரத்துக்கு. மடியில் சேர்த்துக்கொண்டே வந்தார்.

“மாமி, பறிக்கக் கூடாது. போட்டோ மட்டும்தான்.”

“போட்டோவ வெச்சுண்டு தொகையல் அரைக்க முடியுமோ?”

மாமியிடம் இருப்பது பட்டன் போன். எனவே முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம் பேரன் விடுமுறைக்கு வந்தான். மாமி காட்டக் காட்ட அவன் படம் எடுத்தான். ஒரே காலையில் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டார். அட்மின் சார் உடனே ஆய்வுக் குழு கூட்டினார். குழுவில் அவர் மட்டும் இருந்தார். நாங்கள் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் குறைந்தபட்சம் இரண்டு பேராவது ஒரே பெயரை ஒத்துக்கொண்டால்தான் ஒரு பதிவு ஆய்வுத்தரம் பெறும் என்று சுட்டிக்காட்டினார். எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. மாமி மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தோம். ஆனால் முகம் தெரியாத யாரோ, எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, மாமியின் செடிகளுக்கெல்லாம் ஒப்புதல் போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

நடையில் அட்மின் சாரைக் கவனித்தால் ஒன்று தெரியும். பாதி வழி அவர் பின்பக்கமாகத்தான் நடக்கிறார். யார் விடுபட்டார்கள், யார் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள் என்று தலை எண்ணுவதே வேலை. சதுப்புநிலத்தின் ஓரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்து ஒரு கூழைக்கடாவைப் பார்க்கும்போது அவர் மட்டும் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்து நின்று, “எட்டு பேர்தான் இருக்கீங்க, ஒன்பதாவது யாரு?” என்பார். கூழைக்கடா போய்விடும். அவருடைய செல்போனின் அழைப்பொலி குயில். மனைவி கூப்பிட்டபோது அது கூவியது. மூன்று பேர் குயில் கேட்டதாகப் பதிந்தார்கள். அவர் போனை எடுத்துப் பேசி வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு பாயிண்ட் போட்டார்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனாலும் என் ஓட்டு அவருக்குத்தான். இயற்கை அன்னை என்று உருகுகிறவர்கள் வாரயிறுதியில் ஏற்காட்டுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். பக்கத்து ஏரிக்குப் போக அவர்களுக்கு வழி தெரியாது. பாயிண்ட் என்ற அற்ப ஆசைதான் எங்கள் ஆட்களைப் படுக்கையிலிருந்து கிளப்பியது. டி பிளாக்கில் ஐடி கம்பெனிப் பையன் ஒருவன். கோடை முழுக்கப் பராமரிப்புப் புகார்ப் புத்தகத்தில் ஒரே புகாரை எழுதி வந்தவன்: “மோட்டார் ரூமில் காலையிலிருந்து டொக் டொக் டொக் சத்தம்.” பிளம்பர் இரண்டு முறை வந்து வால்வு மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டு போனார். மார்கழி நடையில் ஓர் அரசமர உச்சியில் அதே டொக் டொக். பையன் கழுத்தை வளைத்துத் தேடினான். பச்சை உடம்பு, மார்பிலும் நெற்றியிலும் சிவப்பு, கைக்குள் அடங்கும் அளவு. செம்மார்புக் குக்குறுவான். செம்புப் பாத்திரத்தில் சுத்தியல் தட்டுகிற மாதிரி நிறுத்தாமல் கத்தும். பட்டுப்போன கிளையைக் கொத்திக் குடைந்து கூடு கட்டும். இப்போது அந்தப் பையன் ஆபீஸ் கூட்டத்துக்கு நடுவே ஜன்னலைப் பார்க்கிறானாம். அட்மின் சார் அன்று மாலையே புகார்ப் புத்தகத்தைத் திறந்து, அத்தனை பதிவுகளுக்கும் எதிரே பச்சை மையில் எழுதினார்: “தீர்க்கப்பட்டது. காரணம்: பறவை.” வால்வுக்குக் கொடுத்த பணத்தைப் பிளம்பரிடம் திருப்பிக் கேட்கவும் செய்தார்.

பரிசளிப்பு விழா பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தள ஹாலில். மாமிக்கு முதல் பரிசு: ஒரு பைனாகுலர். “இத வெச்சுண்டு என்ன பண்றது?” என்று பேரனிடம் கொடுத்தார். அப்போதுதான் ஒரு சின்னப் பெண் கேட்டாள், அட்மின் அங்கிள் எத்தனை பாயிண்ட் என்று. யாருக்கும் தோன்றாத கேள்வி. அவருடைய கணக்கைத் திரையில் போட்டார்கள். முப்பது நாளில் ஒரே ஒரு பதிவு. ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் எல்லாரும் நிற்கும் குரூப் போட்டோ. எங்கேயோ ஒரு புண்ணியவான் அதற்கு ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்று பெயர் கொடுத்திருந்தார். மனிதர்களின் படம் ஆய்வுத்தரத்துக்கு எடுபடாது என்று செயலி ஒதுக்கி வைத்திருந்தது.

அட்மின் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையருகே போய்ப் பார்த்தார்.

“சரியான அடையாளம்தானே? அப்பறம் ஏன் பாயிண்ட் வரல? இதுக்கு யாருக்கு மெயில் போடணும்?”